ஆச்சி ஏன் படியிறங்குவதில்லை?

முதியோருக்கு ஏற்ற நகரமாக நெல்லையை மாற்றுவது பற்றிய கேள்விகளுக்கு, சாலைப் பணிகளில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்ற பாளையங்கோட்டைப் பொறியாளர் ஒருவரின் பதில்கள்.

நெல்லையப்பர் கோயிலுக்கு நாள் தவறாமல் போன எங்கள் ஆச்சி, இப்போது கால் வலி என்று வீட்டிலேயே இருக்கிறார். மூட்டில் பெரிய குறை இல்லை என்கிறார் மருத்துவர். என்ன செய்யலாம், அண்ணாச்சி? (டவுன்)

வழியில் சிறுநீர் வந்தால் எங்கே போவார் என்று ஆச்சியிடம் மெதுவாகக் கேளுங்கள். என் அம்மா ஜங்ஷனுக்குப் புறப்படும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். நம்மூர் வெயிலில் ஒருநாள் தலைசுற்றி விழுந்த பிறகுதான் காரணத்தைச் சொன்னார். எத்தனையோ சாலைகள் போட்ட எனக்கு அதுவரை இது தோன்றவே இல்லை என்பது இன்றும் உறுத்துகிறது. வெளியில் சொல்லக் கூசுவதைத்தான் பல பெண்கள் கால் வலி என்கிறார்கள். ரத வீதிகளைச் சுற்றிப் படியில்லாத, கைப்பிடி வைத்த, தண்ணீர் வரும் கழிப்பறைகள் வேண்டும்.

அடுத்தது, உட்கார இடம். முன்பு தெருவெல்லாம் திண்ணை இருந்தது. வழிப்போக்கர் யாரையும் கேட்காமல் இளைப்பாறினார்கள். அவற்றை இடித்துக் கடை கட்டிவிட்டோம். ஒன்றரை அடி உயரத்தில், கை ஊன்றி எழப் பிடிமானமுள்ள பெஞ்சுகள் நிழலில் வேண்டும். பிடிமானம் இல்லாத பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம், எழுந்திருக்க முடியாது.

பாதி சாலையைக் கடப்பதற்குள் சிக்னல் மாறிவிடுகிறதே? (வண்ணார்பேட்டை)

நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று வைத்துத்தான் பொதுவாக நேரம் கணக்கிடுவார்கள். 15 மீட்டர் சாலைக்கு அது 12.5 நொடி. நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பெரியவருக்கு ஏறக்குறைய 19 நொடி ஆகும். சாலை நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டும் தேவை.

கடை வாசலில் சரிவு போட்டும் வாப்பாவின் சக்கர நாற்காலி ஏறவில்லை. (மேலப்பாளையம்)

பைக் ஏற்றும் சரிவைப் போட்டிருப்பீர்கள். ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். இடமில்லை என்றால் சாலைக்குள் நீட்டாமல், சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் திருப்புங்கள். வழவழப்பான டைல்ஸ் மட்டும் வேண்டாம். ஐப்பசி மழையில் வழுக்கும்.

ரேஷனுக்கும் மாத்திரைக்கும் அலைந்தே ஓய்ந்துவிடுகிறோம். (பேட்டை)

ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் நடக்கிறது. ரேஷன் பொருளை முதியோர் வீட்டுக்குக் கொண்டுசெல்லும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் அட்டைக்கு உண்டா என்று கடையில் கேளுங்கள். வேறு உதவிக்கு 14567, முதியோருக்கான கட்டணமில்லா எண்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? (டவுன்)

முதலில் வார்டு கவுன்சிலரிடம்; பிறகு திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில். ‘முதியோருக்கு வசதி வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் மனு எங்கும் நகராது. ஆச்சியோடு கோயில்வரை ஒருமுறை நடந்து, அவர் தயங்கிய ஒவ்வோர் இடத்தையும் படம் எடுத்து, படியின் உயரத்தை அளந்து எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.