வயதானால் தோள்பட்டை எலும்பு இடம் மாறுமா?

"அம்மாவுக்கு எடை கூடவில்லை, ஆனால் பழைய ஜாக்கெட் எல்லாம் முதுகில் பிடிக்கிறது. முதுகுப் பக்கம் தோள்பட்டை எலும்பு துருத்துகிறது, கையும் முழுதாகத் தூக்க வரவில்லை. வயதானால் எலும்பு இடம் மாறுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

மாறும். நான் டாக்டர் இல்லை, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். 'டெய்லருக்கு எலும்பைப் பற்றி என்ன தெரியும்' என்று கமெண்ட் போட வருகிறவர்கள் முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்.

எங்களுக்கு டேப்பிலேயே தெரிந்துவிடும். வயதாக ஆக முன் உயரம் குறையும், முதுகு உயரம் கூடும். மார்புக்கு மேலே குறுக்களவு சுருங்கும், முதுகில் அகலும். பழைய அளவில் தைத்தால் பின்பக்கம் மேலே ஏறிக்கொள்ளும், முன்பக்கம் தொளதொளவென்று மடியும்.

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போகும்போது போட ஜாக்கெட் வேண்டும் என்று ஒரு டீச்சரம்மா வந்தார். ரிட்டையர் ஆகிப் பல வருஷம் இருக்கும். கையில் அந்தக் காலத்து அளவு ஜாக்கெட். "இதே மாதிரி தைம்மா" என்றார். நான் அதை ஓரமாக வைத்துவிட்டு, அவர் முதுகில் கை வைத்து, "கையைத் தூக்குங்கம்மா" என்றேன். தோள்பட்டை எலும்பின் கீழ் முனை விலாவை ஒட்டி வெளிப்பக்கமாக வழுக்கிப் போகவேண்டும். அவருக்கு அது பாதியில் நின்றது, முனை பின்னால் எழும்பியது, தோள் மொத்தமாகக் காதுப் பக்கம் ஏறியது. "தோளை யாரிடமாவது காட்டுங்க" என்றதற்குக் கோபம் வந்துவிட்டது. அப்புறம் அவர் மகள் கூட்டிப்போன பிசியோதெரபிஸ்ட்டும் அதைத்தான் சொன்னாராம்.

கை முழுதாக மேலே போவதைச் சுமார் 180 டிகிரி என்று வைத்தால், ஏறக்குறைய 60 டிகிரி இந்த எலும்பு திரும்புவதால் வருகிறது. கை எலும்பு இதில்தான் பொருந்தியிருக்கிறது; ஆனால் உடம்பின் நடு எலும்புக்கூட்டோடு இது சேருவது கழுத்துக்குக் கீழே குறுக்கே இருக்கும் காறை எலும்பு வழியாக மட்டும்தான். மீதியெல்லாம் தசைப் பிடிப்பு. முதுகு கூன ஆரம்பித்தால் இது முன்னால் சாய்ந்து வெளியே விலகும். மார்புத் தசை இறுகி, பின்பக்கத் தசை தளர்ந்தால், கை தூக்கும்போது திரும்பவேண்டிய அளவு திரும்பாது. அம்மாவைக் கூனி உட்காரவைத்து ஒருமுறை, நிமிர்த்தி ஒருமுறை கை தூக்கச் சொல்லுங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

எல்லாமே வயசுக் கோளாறு என்று சொல்லவரவில்லை. திடீரென்று ஒரு பக்கம் மட்டும் துருத்தினாலோ, விழுந்த பிறகு வந்தாலோ, மரத்துப்போனாலோ டாக்டரிடம் போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவதும் உண்டு.

இவ்வளவு பார்த்து, கைக்குழியை வேறாக வெட்டித் தைக்கிறோம். ஆயிரக்கணக்கில் பட்டு எடுத்து வருகிறவர்கள், லைனிங் கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நிற்கிறார்கள். அந்தப் பட்டுக் கடையில் பில்லைப் பார்த்து வாய் திறந்திருப்பார்களா?

சரி, உங்கள் அம்மாவை நேரில் கூட்டிப்போய்ப் புது அளவு கொடுங்கள். முதுகு உயரத்தைத் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். கொக்கி முன்பக்கமே இருக்கட்டும், பின்னால் வைத்தால் கை எட்டாது.