மலையேற்றம் மனிதர்களை நெருங்க வைக்குமா?

கேள்வி: வேலை நிமித்தம் தனியாக வாழ்கிறேன். மலையேற்றக் குழுவில் சேர்ந்தால் இயற்கையோடும் மனிதர்களோடும் நெருக்கம் உண்டாகும் என்கிறார்கள். உண்மையா? எனக்கு முன் அனுபவம் இல்லை.

பதில்: உண்மைதான், ஆனால் சிகரத்தை எட்டுவதையே குறியாகக் கொண்ட குழுவில் அந்த நெருக்கம் அரிது. நல்ல குழுவில், மெதுவாக நடப்பவரின் வேகமே அனைவரின் வேகமாக இருக்கும். வழி அறிந்தவர் முன்னே செல்ல, அனுபவம் மிக்க இன்னொருவர் கடைசி ஆளாக வருவார். மூச்சு வாங்கும் ஏற்றத்தில் உங்கள் பையிலிருந்து தண்ணீரை எடுத்து நீட்டுபவருக்கு உங்கள் பெயர்கூடச் சரியாகத் தெரிந்திருக்காது. ஆயினும், பல ஆண்டுகள் பக்கத்து வீட்டில் இருந்தும் வாய்க்காத நம்பிக்கை அந்த நொடியில் பிறந்துவிடுகிறது.

இயற்கையை உங்கள் உடலே உணரத் தொடங்கும். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைவதால், உயர்ந்த மலைகளில் நெடிய மரங்கள் குட்டையாகி, புதர்களாகி, இறுதியில் புல்லும் பாறையைப் பற்றி வளரும் லைக்கன்களும் (பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிரிகள்) மட்டுமே எஞ்சுவதை ஒரே பயணத்தில் காணலாம். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத லைக்கன் வகைகள் உண்டு. ஆகவே பாதையை விட்டு விலகி அவற்றை மிதித்துவிடாதீர்கள்.

முதலில், ஒரே நாளில் சென்று திரும்பும் எளிய நடையைத் தேர்ந்தெடுங்கள். பிற்காலத்தில் 2,500 மீட்டருக்கு மேல் செல்லும்போது தலைவலியும் குமட்டலும் தோன்றினால், தயங்காமல் குழுத் தலைவரிடம் சொல்லி, ஏறுவதை நிறுத்திவிடுங்கள். குறையவில்லையெனில் துணையோடு கீழே இறங்கிவிட வேண்டும்.