தலையில் அடிபட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது

சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் டெல்டாவில் கபடிக்குக் கோடு போட ஆரம்பித்துவிடுவார்கள். கிரிக்கெட்டும் அப்போதுதான் சூடு பிடிக்கும். அதனால் இம்முறை பக்கம் முழுவதையும் தலைக்காயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் குழுப் பையனுக்கு 15 வயது. கணுக்காலைப் பிடிக்கப் பாய்ந்தபோது கூட இருந்தவனின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் பட்டுவிட்டது. மயக்கம் போடவில்லை. அரை நிமிஷம் உட்கார்ந்திருந்தான், முகம் கழுவினான், "நான் ரெடிண்ணே" என்றான். அடுத்த பாதியில் இறக்கினோம். தப்பா?
(கபடிக் குழுச் செயலாளர், மன்னார்குடி)

தப்புதான். மயக்கம் போட்டால்தான் மூளையில் அடி என்று நம் ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வு ஏற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட நினைவு தப்புவதில்லை. காய்ந்த தேங்காயைக் குலுக்கினால் உள்ளே கொப்பரை ஆடுவதைக் கேட்டிருப்பீர்கள். மண்டைக்குள் மூளையும் அப்படித்தான் குலுங்குகிறது. நரம்பு இழைகள் இழுபடுகின்றன, செல்களுக்குள் உப்புச் சமநிலை குலைகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு வழக்கத்தைவிட அதிக சக்தி வேண்டும், ஆனால் அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். இந்தப் பற்றாக்குறை நாள்கணக்கில் நீடிக்கும். அதற்குள் இன்னொரு அடி விழுந்தால் மீள்வது மிகவும் தள்ளிப்போகும். அபூர்வமாக, வளரும் பிள்ளைகளுக்கு மூளை திடீரென்று வீங்கி உயிரே போயிருக்கிறது. மூளை அதிர்வு உண்டானவனுக்கு எதிரே வருபவனைப் பார்த்து விலகும் வேகமும் குறைந்திருக்கும் என்பதால், அந்த இரண்டாவது அடி விழும் வாய்ப்பும் அவனுக்குத்தான் அதிகம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை: கையை ஊன்றாமல் மரம் சாய்வதுபோல் விழுந்தானா, விழுந்த இடத்திலேயே அசையாமல் கிடந்தானா, எழுந்தபோது தள்ளாடினானா, எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் விழித்தானா, பார்வை வெறித்திருந்ததா. இவற்றில் ஒன்று இருந்தாலே வெளியே கூப்பிடுங்கள். அவனே தலைவலி, குமட்டல், "தலைக்குள்ள பனி மூட்டமா இருக்கு", லைட் கூசுது என்று சொன்னாலும் அப்படியே. பிறகு கேளுங்கள்: இது எந்த ஊர் மைதானம்? இது முதல் பாதியா, இரண்டாவதா? கடைசிப் பாயிண்ட் யார் எடுத்தது? போன மேட்ச் யாரோடு, ஜெயித்தோமா? "உன் பெயர் என்ன, இன்று என்ன கிழமை" என்று கேட்டுப் பயனில்லை. மூளை அதிர்ந்தவனும் பெயரைச் சரியாகச் சொல்லிவிடுவான்.

பதில் தப்பினால் சந்தேகம் உறுதி. எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னான் என்பதற்காக மறுபடி இறக்கவும் கூடாது. அறிகுறிகள் மணிக்கணக்கில் தாமதித்து வருவதுண்டு. சந்தேகம் வந்துவிட்டால் அன்று ஆட்டம் கிடையாது, அவ்வளவுதான்.

கேள்வி: விழுந்தவனுக்குச் சோடா கொடுத்தார்கள், முகத்தில் தண்ணீர் அடித்தார்கள், நான்கு பேர் கை காலைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். வீட்டுக்கு வந்த பின் "விடிய விடியத் தூங்க விடாதே" என்றார் மாமியார். எது சரி?
(ஒரு தாய், திருவையாறு)

தூக்கி வந்ததுதான் இருப்பதிலேயே ஆபத்து. தலை அடிபடும் வேகத்தில் கழுத்தும் அடிபட்டிருக்கலாம். கழுத்து வலிக்கிறது என்றாலோ, கை கால் மரத்திருந்தாலோ, நினைவு இல்லாவிட்டாலோ கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரண்டு கையாலும் தலையை ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். வாந்தி வந்தால் மட்டும் தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒரே கட்டையாகத் திரும்பும்படி மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒருக்களிக்க வையுங்கள். வலிப்பு வந்தால் சாவிக் கொத்தைத் தேட வேண்டாம். மயக்கத்தில் வாயில் ஊற்றும் சோடா மூச்சுக்குழாய்க்குள் போகும்.

உடனே 108 அழைக்க வேண்டியவை: நினைவு தப்புதல், வலிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, இரண்டிரண்டாகத் தெரிவது அல்லது பார்வை போவது, கை கால் பலவீனம் அல்லது எரிச்சல், கழுத்து வலி, நேரம் ஆக ஆக மந்தமாவது, காரணமில்லாமல் முரண்டு பிடிப்பது, மண்டை ஓடு அமுங்கியிருப்பது. கடைசிக்கு முந்தையதை நம்மவர்கள் "கோபத்துல இருக்கான்" என்று விட்டுவிடுகிறார்கள்.

இவை எதுவும் இல்லை, டாக்டரும் பார்த்துவிட்டார் என்றால் தாராளமாகத் தூங்கலாம். தூக்கம் மூளைக்கு நல்லதே. முதல் இரவு தனியாகப் படுக்க விடாதீர்கள். எழுப்பச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தால் எழுப்புங்கள், இல்லாவிட்டால் மூச்சு இயல்பாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வலிக்கு உடல் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வேண்டாம், உள்ளே ரத்தக் கசிவு இருந்தால் கூடிவிடும். வண்டி ஓட்ட விடாதீர்கள். முதல் இரண்டு நாள் செல்போனைக் குறையுங்கள்.

கேள்வி: சி.டி. ஸ்கேன் நார்மல். ஞாயிற்றுக்கிழமை ஃபைனலில் ஆடலாம்தானே?
(கல்லூரி மாணவர், கும்பகோணம்)

ஆடக் கூடாது. ரத்தக் கசிவும் எலும்பு முறிவும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் சி.டி. மூளை அதிர்வு செல்கள் வேலை செய்யும் விதத்தில் வரும் கோளாறு, அது படத்தில் விழாது. ஸ்கேன் நார்மல் என்றால் ஆபரேஷன் தேவையில்லை என்று பொருள். ஆட்டத்துக்கு அனுமதி என்று பொருளில்லை.

கேள்வி: எத்தனை நாள் ஓய்வு, எப்படித் திரும்ப ஆட்டத்துக்குக் கொண்டுவருவது? படிப்படியாகச் சொன்னால் பள்ளியில் ஒட்டி வைப்பேன்.
(உடற்கல்வி ஆசிரியர், பட்டுக்கோட்டை)

இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைக்கும் பழைய முறை போய்விட்டது. 2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச மாநாட்டின் வழிகாட்டுதல் 2023-இல் வெளியானது. அதன்படி 24 முதல் 48 மணி நேரம் வரை அரைகுறை ஓய்வு போதும். வீட்டுக்குள் நடமாடலாம், சின்ன வேலைகள் செய்யலாம்.

அதன் பின் ஆறு படிகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம்.

முதல் படி, அன்றாட வேலையும் நடையும். இரண்டாவது, நடை வேகமாகி சைக்கிள், மெல்லோட்டம். இதில் நாடித்துடிப்பே அளவுகோல். 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். 15 வயதுக்கு 205. முதலில் அதில் 55 சதவீதம், அதாவது 10 விநாடிக்குச் சுமார் 19 துடிப்பு. அது ஒத்துக்கொண்டால் 70 சதவீதம், 10 விநாடிக்குச் சுமார் 24. மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணப் பையனுக்கே கற்றுக்கொடுங்கள். மூன்றாவது படியில் தனியாக ஓட்டம், திருப்பம், கால்வேகப் பயிற்சி. பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது.

இந்த மூன்று படிகளிலும் லேசான அறிகுறி இருந்தாலும் பரவாயில்லை. பத்துக்கு எவ்வளவு என்று பயிற்சிக்கு முன்னும் பின்னும் கேளுங்கள். இரண்டு புள்ளிக்கு மேல் ஏறினாலோ, ஏறியது ஒரு மணி நேரத்தில் இறங்காவிட்டாலோ நிறுத்திவிட்டு மறுநாள் மறுபடி முயலுங்கள்.

நான்காவதிலிருந்து கண்டிப்பு. மாத்திரை எதுவும் போடாமல், உடற்பயிற்சிக்குப் பிறகும் அறிகுறி துளியும் இல்லை என்றாகி, டாக்டரும் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் குழுவோடு உடல் மோதாத பயிற்சி, ஐந்தாவதில் முழுப் பயிற்சி, ஆறாவதில் மேட்ச். இங்கே அறிகுறி திரும்பினால் மூன்றாவது படிக்கு இறக்குங்கள்.

கூட்டிப் பார்த்து "ஒரு வாரத்தில் முடிந்துவிடும் போலிருக்கே" என்று அவசரப்பட வேண்டாம். பிள்ளைகள் பெரும்பாலும் குணமாக நான்கு வாரம்வரை ஆகும். பிரிட்டனில் 2023-இல் சாதாரண நிலை விளையாட்டுகளுக்கு வந்த வழிகாட்டுதல், அடிபட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் போட்டி கிடையாது, மோதல் பயிற்சிக்கு முன் 14 நாள் அறிகுறியே இல்லாமல் இருக்க வேண்டும் என்கிறது. விளையாட்டு மருத்துவர் பக்கத்தில் இல்லாத நம் ஊர்க் குழுக்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தும் என்பது எங்கள் கருத்து.

பள்ளிதான் முதலில், மைதானம் பிறகு. முழுநாள் வகுப்பில் உட்கார முடியாதவன் மைதானத்தில் என்ன செய்யப் போகிறான்? தொடக்கத்தில் அரைநாள், 30 நிமிஷத்துக்கு ஒருமுறை இடைவெளி என்று தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். மாதத் தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நல்ல ஹெல்மெட் வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காதல்லவா?
(கிரிக்கெட் கிளப், நாகப்பட்டினம்)

ஹெல்மெட் மண்டையோட்டையும் முகத்தையும் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. வாங்கும்போது பிஎஸ் 7928:2013 என்ற பிரிட்டிஷ் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பந்து கம்பிக்கும் முன்விளிம்புக்கும் நடுவே புகாமலிருக்க வேண்டும் என்பதும் அந்தத் தரத்தில் சோதிக்கப்படுகிறது. ஒரே ஹெல்மெட்டை அணி முழுக்க மாற்றி மாற்றிப் போடுவதுதான் இங்கே வழக்கம், பாதிப்பேருக்கு அது தலையில் ஆடும். பலமாக ஒருமுறை அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தை மாதம் எங்கள் ஊரில் 18 வயதுக்கு உட்பட்டோர் கபடிப் போட்டி. நோட்டீஸிலும் விதிமுறையிலும் என்ன சேர்க்க வேண்டும்?
(விழாக் கமிட்டி, திருவாரூர் அருகே)

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2009-இல் ஒரு சட்டம் வந்தது. 13 வயதுச் சிறுவன் ஒருவன் ஒரே மேட்சில் அடிபட்டு, மறுபடி இறக்கப்பட்டு, வாழ்நாள் ஊனமானதன் விளைவு. அதிலிருப்பது மூன்றே விஷயம்: பெற்றோருக்கும் ஆட்டக்காரருக்கும் முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்கு, சந்தேகம் வந்தால் வெளியேற்று, மருத்துவர் எழுத்தில் கொடுக்காமல் திரும்ப எடுக்காதே. 2014-க்குள் 50 மாநிலங்களிலும் இப்படிச் சட்டம் வந்துவிட்டது. அரசு உத்தரவுக்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை, கமிட்டியே எழுதிக்கொள்ளலாம்.

பதிவுப் படிவத்தின் பின்பக்கத்தில் அறிகுறிகளைத் தமிழில் அச்சடித்து, கீழே பெற்றோர் கையெழுத்தும் ஒரு செல் நம்பரும் வாங்குங்கள். கடந்த மூன்று வாரத்தில் தலையில் அடிபட்டதா என்றும் கேளுங்கள். இங்கேதான் ஓட்டை. நம் பையன்கள் முந்தின வாரம் ஒரத்தநாட்டில் அடிபட்டு, இந்த வாரம் உங்கள் ஊரில் வேறு பனியன் மாட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ஸ்கோர் மேஜையில் ஒரு தலைக்காயப் பொறுப்பாளரை உட்கார வையுங்கள். ஊர் நர்ஸ், ஆசிரியர் யாராகவும் இருக்கலாம். இரண்டு அணிக்கும் சொந்தக்காரர் கூடாது, கோச்சும் மேனேஜரும் கூடவே கூடாது. அவர் கை தூக்கினால் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார், அடிபட்டவன் வெளியே போவான், மாற்று ஆள் இறங்குவான். இதில் அப்பீல் கிடையாது என்று விதியில் எழுதி, முதல் மேட்சுக்கு முன் மைக்கில் படியுங்கள். மாற்று ஆள் இறக்க அபராதமோ பாயிண்ட் இழப்போ வைக்காதீர்கள், வைத்தால் மறைப்பார்கள்.

வெளியேற்றியவருக்கு ஒரு சீட்டு, இரண்டு பிரதி. நேரம், எப்படி அடிபட்டது, பார்த்தவர் யார், என்ன அறிகுறி, யாரிடம் ஒப்படைத்தோம். ஒன்று பெற்றோருக்கு, ஒன்று கமிட்டிக்கு. குழு வேனில் தனியாக அனுப்பாமல் வீட்டுப் பெரியவர் கையில் ஒப்படையுங்கள்.

அடுத்து ஆடுகளம். நம் களிமண் காய்ந்தால் பாறை, போதாததற்கு வெடிப்பு. அடித்தாளைச் செதுக்கி, ஒரு சாண் கொத்திக் கட்டியை உடைத்து, கல் பொறுக்கி, முந்தின மாலையே தண்ணீர் தெளித்துவிடுங்கள். பின்னால் இழுத்துச் சாய்க்கப்படும் ரைடரின் பின்மண்டைதான் முதலில் தரையில் படும். மேட் போட்டால் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விலகாமல் இடைக்கிடை பாருங்கள். கோட்டுக்கு வெளியே நான்கு பக்கமும் 4 மீட்டர் காலியாக இருக்கட்டும். டியூப்லைட் கட்டும் சவுக்குக் கட்டையைக் கோட்டோரம் நடும் ஊர்களைப் பார்த்தால் நமக்கு வயிறு கலங்குகிறது.

108-க்குச் சொல்ல வேண்டிய வழியை ஒரு அட்டையில் எழுதி மேஜையில் ஒட்டுங்கள்: எந்த மெயின் ரோடு, எந்தப் பிரிவு, எந்த வாய்க்கால் மதகு தாண்டி எந்தப் பக்கம். பதற்றத்தில் "மாரியம்மன் கோயில் பக்கம்" என்றால் எந்த மாரியம்மன்? வரப்பு வழியில் டூவீலர் நிறுத்தாமல் ஒரு பாதையைக் கயிறு கட்டி விடுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதை ஆம்புலன்ஸ்காரர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: ஐந்து வாரமாகியும் மகளுக்குத் தலைவலி, மறதி. நடிக்கிறாள் என்கிறார்கள்.
(மயிலாடுதுறை)

நான்கு வாரம் தாண்டினால் நடிப்பென்று ஒதுக்காமல் மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள். கழுத்துத் தசை, சமநிலை உறுப்பு, கண் அசைவு, தூக்கம், மனச்சோர்வு இவற்றில் ஏதாவது பின்னால் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் உண்டு. கழுத்துக்கும் சமநிலைக்கும் பிசியோதெரபி நன்றாகக் கேட்கும்.

கேள்வி: பையனே ஆடுவேன் என்கிறான், அப்பாவும் எழுதிக் கொடுக்கிறேன் என்கிறார். பிறகு எங்களுக்கென்ன?
(கோச், பாபநாசம்)

அப்பா எழுதிக் கொடுக்கும் தாளால் மூளை ஆறாது. ஆடத் துடிக்கும் பிள்ளையிடம் தலை சரியாக இருக்கிறதா என்று கேட்டு முடிவெடுப்பது, தூங்குகிறவனிடம் தூங்குகிறாயா என்று கேட்பது மாதிரி. 2020 டிசம்பரில் கான்பெராவில் நடந்த டி20-இல் ஜடேஜாவுக்கு ஹெல்மெட்டில் பந்து பட்டது. அவருக்குப் பதிலாக இறங்கிய சாஹல் மூன்று விக்கெட் எடுத்தார். நம் சேலத்து நடராஜன் டி20-இல் அறிமுகமானதும் அந்த மேட்ச்தான். இந்தியாவுக்கு ஆடுபவரையே உட்கார வைத்தது, தலையில் அடிபட்டவருக்கு மாற்று ஆள் இறக்கும் விதி, அது 2019 ஆகஸ்ட் முதல் ஐசிசி நடைமுறையில் இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.

ஓரங்கட்டிவிட்டார்கள் என்று பையன் நினைக்காமலிருக்க, முதல் இரண்டு நாள் கழித்து ஸ்கோர் எழுத உட்கார வைக்கலாம். சவுண்ட் பாக்ஸ் பக்கத்திலும் ஃபோகஸ் லைட்டுக்கு எதிரிலும் மட்டும் வேண்டாம், கால் மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும்.