25,000 ரூபாய்க்குள் முதல் பேஸ் கிட்டார்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இதுதான்: கையில் 25,000 ரூபாய் இருக்கிறது, எந்த பேஸ் கிட்டார் வாங்கலாம்? அதற்கு முன் ஆறு கம்பி கிட்டார் கற்றுக்கொள்ள வேண்டுமா?

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். நேராக பேஸிலேயே தொடங்கலாம்.

முதல் கேள்விக்கு என் பதில்: நெக்கை, அதாவது இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்துப் பகுதியைப் பார்த்து வாங்குங்கள். கம்பெனிப் பெயர், நிறம், எத்தனை கம்பி என்பதெல்லாம் அப்புறம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கல்லூரி முடித்த வருடம், படத்தைப் பார்த்து ஆன்லைனில் ஒரு பேஸை வரவழைத்தேன். கறுப்பு நிறம், ஐந்து கம்பி, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் நெக் லேசாக முறுக்கியிருந்தது. கம்பியை உயர்த்தி வைத்தால் அழுத்த முடியாமல் விரல் வலிக்கும். இறக்கி வைத்தால் ஐந்தாவது ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) தாண்டியதும் ‘டர்ர்ர்’ என்று தட்டும். போதாததற்குத் தலைப்பக்கம் கனம். ஸ்ட்ராப்பைத் தோளில் மாட்டிக் கையை விட்டால் நெக் அப்படியே தரையைப் பார்த்துச் சரியும். இடது கை வாசிப்பதை விட்டுவிட்டுத் தாங்கிக்கொண்டே இருக்கும். ஞாயிறு ஆராதனை முடியும்போது மணிக்கட்டு விண் விண் என்று தெறிக்கும். எனக்குத்தான் வாசிக்க வரவில்லை என்று எட்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் சபையில் வாசித்த அண்ணன் ஒருநாள் தன் பழைய நான்கு கம்பி பேஸைக் கொடுத்து, “இதுல வாசிச்சுப் பாருடா தம்பி” என்றார். அதே பாட்டு, அதே விரல். ஒவ்வொரு ஸ்வரமும் சுத்தமாக விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதனால் முடிந்தவரை கடைக்கு நேரில் போங்கள். போனதும் இவற்றைச் செய்யுங்கள்.

தச்சர் பலகையை ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாரே, அதே மாதிரி நெக்கைத் தலைப்பக்கமிருந்து பாருங்கள். முறுக்கு இருந்தால் தெரிந்துவிடும். இருந்தால் கீழே வைத்துவிடுங்கள், அது சரியாகாது. அடுத்து, தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலாலும், நெக் உடலோடு சேருமிடத்தில் இன்னொரு விரலாலும் அழுத்திக்கொண்டு ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் நல்லது. கூடக்குறைய இருந்தால் பயப்பட வேண்டாம். நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி இருக்கிறது, அதைத் திருகிச் சரிசெய்யலாம். வளைவுக்கு வைத்தியம் உண்டு, முறுக்குக்குக் கிடையாது.

அப்புறம் பொறுமையாக எல்லா ஃப்ரெட்டிலும் எல்லாக் கம்பியையும் மீட்டிப் பாருங்கள். நான்கு கம்பி, 24 ஃப்ரெட் என்றால் மொத்தம் 96 ஒலி. ஐந்து நிமிடம்கூட ஆகாது. எங்காவது ஒரு ஒலி மட்டும் சட்டென்று செத்துப்போகிறதா, தட்டுகிறதா என்று கேளுங்கள். மெல்லிய ‘ஜி’ கம்பியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட் வரை ஒலி கொஞ்சம் சீக்கிரம் அடங்குவது விலை உயர்ந்த பேஸ்களிலும் உண்டு. அதற்காக ஒதுக்க வேண்டாம். நெக்கின் ஓரத்தில் உள்ளங்கையை மேலும் கீழும் தேய்த்துப் பாருங்கள். ஃப்ரெட் நுனி கீறக் கூடாது. கடைசியாக, ஸ்ட்ராப் மாட்டி நின்று இரண்டு கையையும் விடுங்கள். சரியக் கூடாது. இதைத்தான் அன்று என்னால் செய்ய முடியாமல் போனது.

என்ன மாடல்? யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனெஸ் ஜிஎஸ்ஆர் 200, ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்குவையரில் தொடக்கநிலை பேஸ்கள். இவற்றிலிருந்து தொடங்குங்கள். விலை மாறிக்கொண்டே இருப்பதால் இரண்டு கடையில் கேட்டுப் பாருங்கள். எனக்குப் பிடித்தது யமஹா. அதில் இரண்டு பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம். ஒன்று 1957இல் ஃபெண்டர் தன் பிரிசிஷன் பேஸில் வைத்த, இரண்டு துண்டாகப் பிரிந்த வகை. உருண்டு திரண்ட அந்த ஒலி எந்தப் பாட்டுக்கும் உட்கார்ந்துகொள்ளும். பேட்டரியும் தேவையில்லை. ஐபனெஸில் 9 வோல்ட் பேட்டரி உண்டு. வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்ற மறந்தால் அது இறங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் ஐபனெஸின் நெக் ஒல்லி, சின்னக் கைக்கு இதமாக இருக்கும். கை ரொம்பவே சின்னது, வாங்குவது பிள்ளைக்கு என்றால், வழக்கமான 34 அங்குலக் கம்பி நீளத்தை விட்டு 30 அங்குல பேஸ் பாருங்கள்.

ஐந்து கம்பி வேண்டாமா என்று கடையில் கேட்பார்கள். இந்த விலையில் வேண்டாம். அந்த ஐந்தாவது ‘பி’ கம்பி மலிவான பேஸ்களில் பெரும்பாலும் தொளதொளவென்று, சுருதி தெளிவில்லாமல் ஒலிக்கும். இளையராஜா இசையில் சசிதரன் வாசித்த பேஸைக் கேட்டுத்தான் நம்மில் பலருக்கு இந்த ஆசையே வந்தது. அந்தப் பாடல்களைப் பழக நான்கு கம்பி போதும்.

25,000 முழுவதையும் கிட்டாரிலேயே கொட்டிவிடாதீர்கள். நாலைந்து ஆயிரம் ஒதுக்கி வையுங்கள். கேபிள், அகலமான ஸ்ட்ராப், அப்புறம் முக்கியமாக, தெரிந்த ஒருவரிடம் கொடுத்து செட்டப் செய்யும் கூலி. கம்பி உயரம், நெக் வளைவு இரண்டையும் சரிசெய்தால் சாதாரண பேஸ்கூட வேறு கருவி மாதிரி ஆகிவிடும்.

ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) இப்போதைக்கு வேண்டாம். தடித்த ‘இ’ கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் வரும் அடிப்படை ஒலி சுமார் 41 ஹெர்ட்ஸ், ரொம்பத் தாழ்ந்த ஒலி. போன் ஸ்பீக்கரிலும், ரொம்பச் சின்ன ஆம்பிலும் அது வரவே வராது. ஜாக்கில் செருகும் சின்ன ஹெட்போன் ஆம்ப் ஒன்று வாங்குங்கள், அது இந்த மிச்சப் பணத்துக்குள் அடங்கும். இரவு பதினோரு மணிக்கும் வீட்டில் யாரையும் எழுப்பாமல் வாசிக்கலாம்.

கடைக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், பக்கத்துச் சர்ச்சிலோ மெல்லிசைக் குழுவிலோ பேஸ் வாசிப்பவரைக் கேளுங்கள், கூட வருவார். யாரும் கிடைக்காவிட்டால், நெக்கைத் தலைப்பக்கமிருந்து ஒரு படமும், அந்த ஏழாவது ஃப்ரெட் இடைவெளியை ஒரு படமும் எடுத்து இங்கே கருத்துப் பெட்டியில் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.