மும்முனை மின்சாரம் வருமுன் நாடாவை இறக்குங்கள்

ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தைத் தாங்களே அளந்து எழுதிவைக்க நினைப்பவர்கள் கேட்டவையும், பாறை நிலத்துக் கிணறுகளோடு பல ஆண்டுகள் பழகிய எனது பதில்களும்.

எங்கள் ஊராட்சியில் ஏறத்தாழ 200 கிணறுகள். எத்தனையை அளந்தால் போதும்? (பல்லடம் பக்கத்து விவசாயி)

எண்ணிக்கை இருக்கட்டும் ஐயா, எதைத் தெரிந்துகொள்ள அளக்கிறீர்கள்? தடுப்பணையால் பயன் உண்டா என்று பார்க்கவென்றால், அணையை ஒட்டி இரண்டு, ஓடையின் கீழ்ப்பக்கம் தள்ளி இரண்டு, அணை நீர் எட்டவே எட்டாத மேட்டில் ஒன்று. அந்த மேட்டுக் கிணற்றைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல், நீர் ஏறியது அணையாலா மழையாலா என்று எப்படிச் சொல்வீர்கள்? நீர் நகரும் திசையும் தெரிய வேண்டுமானால், ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளாவது வேண்டும். அவற்றின் வாய் உயரத்தை சர்வே செய்துகொள்ளவும் வேண்டும். செல்போன் காட்டும் உயரம் மீட்டர் கணக்கில் பிசகும்.

திறந்த கிணறும் 800 அடி ஆழ்துளைக் கிணறும் (போர்) அருகருகே உள்ளன. சராசரி எடுக்கலாமா?

கூடாது. கிணறு மேலே உள்ள சிதைந்த பாறையின் நீரைக் காட்டுகிறது, போர் ஆழத்து வெடிப்புகளின் நீரை. தனித்தனியாக எழுதுங்கள்.

கருவி வாங்கப் பணம் இல்லை. (கல்லூரி மாணவர்)

இரும்பு அளவுநாடாவும் சாக்பீஸும் போதும், தம்பி. கைப்பிடிச் சுவரில் ஓரிடத்தில் சிவப்புப் பெயிண்டால் குறியிடு. நாடாவின் அடி நுனியில் 2 மீட்டருக்கு சாக்பீஸ் தேய்த்து, 20 மீட்டர் கோடு குறியில் நிற்கும்படி இறக்கி, மேலே இழு. 1.35 மீட்டர் நனைந்து கருத்திருந்தால், நீர் குறியிலிருந்து 18.65 மீட்டரில் இருக்கிறது. சுவரின் உயரம் 0.80 என்றால், தரையிலிருந்து 17.85. ஒரு மாதம் சுவரைக் கழித்தும் மறு மாதம் கழிக்காமலும் எழுதிய நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் கிணறு குதியாட்டம் போடும்.

மோட்டார் உள்ள போரில் நாடா கேபிளில் சிக்கும். அடுத்த முறை மோட்டாரைத் தூக்கும்போது, அளப்பதற்கென்றே ஒரு முக்கால் அங்குலக் குழாயையும் கூட இறக்கிவிடச் சொல்.

எப்போது அளப்பது?

மோட்டார் ஓடும்போது அளப்பது மட்டும் வேண்டாம். பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் உங்கள் மட்டத்தை இழுக்கும். தோட்டத்து மோட்டார்களை ஓட்டும் மும்முனை மின்சாரம் வருவதற்கு முன், நீர் ஊறி அடங்கியிருக்கும் நேரத்தில், எல்லாக் கிணறுகளையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு 4 முறை அளக்கிறது. ஊருக்கு மாதம் ஒருமுறை நல்லது. முடியாதென்றால், மே மாதக் கடைசியையும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியையுமாவது தவறவிடாதீர்கள். மழைமானி ஒன்றும் வேண்டும்.

அளக்கவிட்டால் நாளை தண்ணீருக்கு வரி வரும் என்கிறார்கள்.

பயம் இயல்புதான். ஆந்திராவின் வறண்ட மாவட்டங்களில் விவசாயிகளே போர்களை அளந்து, ரபி எனும் குளிர்காலப் பயிர்ப் பருவத்துக்கு முன் கூடி உட்கார்ந்து, இருக்கும் நீருக்கு என்ன பயிர் வைக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு அவர்கள் கையில் இருந்தது. நீங்களும் நோட்டைக் கிணற்றுக்காரர் வீட்டிலேயே வையுங்கள். பிரதி மட்டும் உங்களிடம் இருக்கட்டும். சம்மதிக்காதவரை வற்புறுத்தாமல், அடுத்த தோட்டத்துக் கதவைத் தட்டுங்கள்.