வாசகர் கேள்வி–பதில்: பிரவுசருக்குள் ஒரு முப்பரிமாண உலகம்

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரியும். பிரவுசரிலேயே நடந்து பார்க்கும்படி ஒரு முப்பரிமாண உலகம் உருவாக்க ஆசை. பிரவுசரில் முப்பரிமாணக் காட்சி வரையும் த்ரீ.ஜேஎஸ் நூலகத்தை நிறுவி ஒரு கனசதுரம் சேர்த்தேன், திரை கறுப்பாகவே இருக்கிறது. என்ன தவறு?

பதில்: பெரும்பாலும் கேமரா கனசதுரத்துக்கு உள்ளேயே இருக்கும். இரண்டுமே 0, 0, 0 என்ற புள்ளியில்தான் பிறக்கின்றன. முகங்கள் வெளிப்பக்கம் மட்டுமே வரையப்படுவதால் உள்ளிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கேமராவை 5 அலகு பின்னால் நகர்த்துங்கள். அப்போதும் கறுப்பு என்றால் விளக்கு இல்லை என்று பொருள். மெட்டீரியல் என்பது பொருளின் மேற்பரப்புத் தன்மை. ஸ்டாண்டர்ட் மெட்டீரியல் ஒளி பட்டால்தான் நிறம் காட்டும். ஒளி தேவைப்படாத பேசிக் மெட்டீரியலுக்கு மாற்றிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

இந்த அடிப்படை கைக்கு வரும்வரை வெளியிலிருந்து மாடல் எதையும் இறக்க வேண்டாம். ஓர் அலகு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டு, 10 மீட்டர் சதுரத் தரை, சில பெட்டிகள், 1.6 மீட்டர் உயரத்தில் கேமரா, இவற்றை மட்டும் கோடில் கட்டி அதற்குள் நடந்து பாருங்கள். நடை வேகத்தை ஒரு ஃபிரேமுக்கு (திரையில் ஒருமுறை வரையப்படும் படம்) இவ்வளவு என்று எழுதாதீர்கள். நொடிக்கு 60 ஃபிரேம் வரையும் திரையைவிட 120 ஹெர்ட்ஸ் திரையில் இரண்டு மடங்கு வேகமாக ஓடும். ஒரு நொடிக்கான வேகத்தை, முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால் பெருக்குங்கள். ஒட்டியிருக்கும் இரு பரப்புகள் தூரத்தில் மினுமினுத்தால், கேமராவின் நியர் மதிப்பை, அதாவது எவ்வளவு அருகிலிருந்து வரையத் தொடங்கும் என்ற தூரத்தை, 0.01-லிருந்து 0.1-க்கு ஏற்றுங்கள். ஆழத்தைக் கணக்கிடும் துல்லியத்தில் பெரும்பங்கைக் கேமராவுக்கு மிக அருகிலுள்ள இடமே தின்றுவிடுகிறது.

கேள்வி: என் மாடல் கோப்பு 6 எம்பிதான். லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. செல்போனில் பக்கம் தானாக ரீலோட் ஆகிறது. டிராகோ என்ற சுருக்கும் கருவியால் சுருக்கியும் பயனில்லை.

பதில்: டிராகோ சுருக்குவது வடிவத்தை மட்டும்தான். உங்கள் சிக்கல், மேற்பரப்பில் ஒட்டும் படமான டெக்ஸ்ச்சரில் இருக்க வேண்டும். ஜேபெக் படம் எவ்வளவு சிறியதானாலும் கிராஃபிக்ஸ் நினைவகத்துக்குள் போகும்போது முழுதாக விரிந்துவிடும். 4096க்கு 4096 படம், பிக்சலுக்கு 4 பைட் வீதம் 64 எம்பி. தூரத்தில் காட்ட உருவாகும் சிறிய பிரதிகளான மிப்மேப் சேர்ந்தால் சுமார் 85. நிறம், நார்மல் (மேடுபள்ளம்), சொரசொரப்பு என்று ஒரு பொருளுக்கே மூன்று படம் வைத்தால் 250 எம்பியைத் தாண்டிவிடுகிறது. செல்போன் பிரவுசர் பக்கத்தை மூடாமல் என்ன செய்யும்? அதே படம் 1024 அளவில் ஐந்து எம்பி சொச்சம்தான். மாடல் செய்யும் பிளெண்டர் மென்பொருளிலிருந்து ஏற்றுமதி செய்யும் முன்பே படங்களைச் சிறிதாக்குங்கள், பிறகு கேடிஎக்ஸ்2 வடிவுக்கு மாற்றுங்கள். அது நினைவகத்திலும் சுருங்கிய நிலையிலேயே இருக்கும்.

காட்சியிலிருந்து ஒரு பொருளை நீக்கினால் நினைவகம் காலியாகிவிடாது. ஜியாமெட்ரி (வடிவம்), மெட்டீரியல், டெக்ஸ்ச்சர் மூன்றுக்கும் தனித்தனியே நினைவகத்தை விடுவிக்கும் டிஸ்போஸ் அழைக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஒரே மரம் 500 முறை வந்தால் ஒரே வடிவைப் பலமுறை வரையும் இன்ஸ்டன்ஸ்டு மெஷ் பயன்படுத்துங்கள், 500 டிரா கால் (வரையச் சொல்லும் கட்டளை) ஒன்றாகக் குறையும். பிக்சல் விகிதத்தையும் (பக்கத்தின் ஓர் அலகு நீளத்துக்கு எத்தனை திரைப் பிக்சல்) 2-க்கு மேல் விடாதீர்கள்.

கேள்வி: ஹெச்டிஎம்எல் கோப்பை டபுள் கிளிக் செய்து திறந்தால் மாடல் வருவதில்லையே?

பதில்: வராது. வட்டிலிருந்து நேரடியாகத் திறந்த பக்கம் பிற கோப்புகளைப் படிக்கப் பிரவுசர் பாதுகாப்புக் கருதித் தடுக்கிறது. வி.எஸ். கோட் எடிட்டரில் லைவ் சர்வர் நீட்சியைப் போட்டு, உங்கள் கணினிக்குள்ளேயே இயங்கும் முகவரியான லோக்கல்ஹோஸ்ட் வழியாகத் திறங்கள். கணினியோடு இணைக்காத விஆர் ஹெட்செட்டில் சோதிப்பதானால் அதுவும் போதாது. அங்கே பிரவுசரின் விஆர் வசதியான வெப்எக்ஸ்ஆர் வேலை செய்ய ஹெச்டிடிபிஎஸ் முகவரி வேண்டும்.