முற்றிய நோயும் மருத்துவரும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் அரசு மருத்துவமனை ஒன்றின் புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றும் இளம் மருத்துவர். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள். எவ்வளவு பாடுபட்டாலும் பலரை இழக்கிறோம். குணப்படுத்த முடியாத இடத்தில் மருத்துவருக்கு என்ன வேலை என்ற கேள்வி என்னை விடாமல் வாட்டுகிறது. இத்துறையில் நீடிக்கத்தான் வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள டாக்டர்,

குணப்படுத்துவது மட்டுமே மருத்துவம் என்ற எண்ணத்திலிருந்து உங்கள் கேள்வி எழுகிறது. அந்த எண்ணத்தை நான் ஏற்கவில்லை.

தன் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் உறுதியால், 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கியது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. புற்றுநோய் என்றாலே சாவு என்று மருத்துவர்களே நம்பிய அந்நாளில், கையில் கிடைத்த அரசுப் பணியை விட்டுவிட்டு 1955இல் அங்கே வந்து சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா, 2021இல் மறையும்வரை அதையே தன் வாழ்வாகக் கொண்டிருந்தார். அவர் வந்த காலத்தில் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் பிழைப்பது அரிது. இன்று முறையான சிகிச்சை கிடைத்தால், குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் வகையில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் உலகெங்கும், இழந்த ஒவ்வொரு குழந்தையின் சிகிச்சைக் குறிப்பையும் விடாமல் எழுதிவைத்த மருத்துவர்கள் இல்லாமல் இம்மாற்றம் நிகழ்ந்திருக்காது.

ஆனால் நாளைய நோயாளிக்காக மட்டும் நீங்கள் அங்கே இல்லை. வாய்ப்புற்று முற்றி, வலியில் இரவெல்லாம் உறங்காத ஒருவருக்கு, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கடும் வலியை அடக்கும் மார்ஃபினும், அதனால் வரும் மலச்சிக்கலுக்கு ஒரு மருந்தும் சரியான அளவில் எழுதிக்கொடுப்பதற்குத் தேர்ச்சி வேண்டும். அழுகிய புண்ணின் நாற்றத்தால் வீட்டுத் திண்ணைக்கு ஒதுக்கப்பட்ட பெண்ணுக்கு, மெட்ரோனிடசோல் என்னும் கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துத் தூவக் கற்றுக்கொடுத்தால் நாற்றம் அடங்கும். பேரப்பிள்ளைகள் மறுபடி அருகில் வந்து உட்காருவார்கள். சில ரூபாய்ச் செலவில் நடக்கும் இக்காரியத்தை அறுவைச் சிகிச்சைக்குக் கீழான ஒன்றாக என்னால் எண்ண முடியவில்லை. மார்ஃபின் கிடைப்பதற்குப் பெருந்தடையாக இருந்த போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்ட பிறகும், அதை எழுதத் தயங்காத மருத்துவர்கள் நம்மிடம் போதுமான அளவில் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

துறையை விடுவதைப் பற்றி முடிவெடுக்கும் முன், வலித்தணிப்புச் சிகிச்சைப் பயிற்சிக்குச் சில மாதங்கள் அனுப்பும்படி உங்கள் துறைத் தலைவரிடம் கேளுங்கள். திரும்பி வந்ததும், இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்படுபவர்களை முதலில் பாருங்கள்.